நேர்காணலில் நான் கேட்ட ஒரு கேள்வி: அமெரிக்கச் சட்டத்தில் ஆண்-பெண் சமத்துவம் வந்த கதை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வழக்கறிஞன் இல்லை. பொறியியலில் முதுகலைப் பட்டம் வாங்கி, அமெரிக்காவில் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். சட்டத்தைப் பற்றி எழுத எனக்கு உள்ள ஒரே தகுதி, ஒரு தவறு செய்து அதற்காகத் தலைகுனிந்தது மட்டும்தான்.

எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும் நேர்காணல் நடந்தது. என்னுடன் ஐம்பதைத் தாண்டிய ஓர் அமெரிக்கப் பெண்மணியும் கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தார். வந்தவர்களில் ஒருவர் நம் ஊர்ப் பெண். நன்றாகவே பதில் சொன்னார். முடிக்கும்போது, ஏதோ அக்கறையில் கேட்பதாக நினைத்துக்கொண்டு, "சின்னக் குழந்தை இருக்கிறதா? ராத்திரி அவசர அழைப்பு வந்தால் யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, மூன்று வயதில் ஒரு பையன் இருக்கிறான், சமாளித்துக்கொள்வேன் என்றார். என் குறிப்பில் 'இரவு வேலை சிரமமாகலாம்' என்று எழுதி வைத்தேன்.

அவர் போன பிறகு உடனிருந்த பெண்மணி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "காலையில் வந்த இரண்டு ஆண்களிடமும் இதைக் கேட்டாயா?" கேட்கவில்லை. அதிலும் ஒருவர் தானாகவே, வீட்டில் கைக்குழந்தைகள் இரட்டையர் என்று சொல்லியிருந்தார். நான் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லியிருந்தேன்! மனிதவளத் துறைக்குத் தகவல் போனது. என் குறிப்பை ஒதுக்கிவிட்டு வேறு இருவரை வைத்து மீண்டும் நேர்காணல் நடத்தினார்கள். எனக்கு அரை நாள் வகுப்பு எடுத்தார்கள். அந்த வகுப்பில் ஐடா ஃபிலிப்ஸ் என்ற பெயர் ஒரே ஒரு முறை வந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு நான் பல இரவுகள் படித்ததன் சுருக்கம்தான் இந்தக் கட்டுரை.

ஓட்டும் இல்லை, வழக்காடும் உரிமையும் இல்லை

அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம் 1868-ல் வந்தது. எந்த மாநிலமும் எவருக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக்கூடாது என்பது அதன் முதல் பிரிவு. ஆனால் அதே திருத்தத்தின் இரண்டாம் பிரிவில்தான், வாக்காளர்களைப் பற்றிச் சொல்லுமிடத்தில், 'ஆண்' என்ற சொல் அரசியல் சட்டத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது.

அடுத்த நூறாண்டுகளில் பெண்கள் இந்தச் 'சமமான பாதுகாப்பை'க் கேட்டுப் போனபோதெல்லாம் உச்ச நீதிமன்றம் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியது. மைரா பிராட்வெல் இல்லினாய் மாநிலத்தில் வழக்கறிஞர் தேர்வில் தேறியவர். திருமணமான பெண் என்பதால் அனுமதி கிடைக்கவில்லை. 1873-ல் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைச் சரி என்றது. நீதிபதி பிராட்லி தனியாக எழுதிய கருத்தில், மனைவியாகவும் தாயாகவும் இருப்பதே பெண்ணுக்கு இறைவன் விதித்தது என்றார். 1875-ல் வர்ஜீனியா மைனர் வழக்கில், பெண்ணும் குடிமகள்தான், ஆனால் குடியுரிமையில் ஓட்டுரிமை அடங்காது என்று தீர்ப்பு வந்தது. அதற்கு முன் 1872-ல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் ஓட்டுப் போட்டதற்காகச் சூசன் பி. ஆண்டனி கைதானார். விதித்த 100 டாலர் அபராதத்தை அவர் கடைசிவரை கட்டவே இல்லை.

ஓட்டுரிமை 1920-ல் பத்தொன்பதாவது திருத்தத்தால் வந்தது. கடைசியாகத் தேவைப்பட்ட மாநிலம் டென்னசி. அங்கே ஹாரி பர்ன் என்ற 24 வயது உறுப்பினர், தாயார் எழுதிய கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் மனம் மாறி ஆதரவாக வாக்களித்தார். ஆனால் ஓட்டு கிடைத்ததால் வேலை கிடைத்துவிடவில்லை.

பாதுகாப்பு என்ற பெயரில்

எனக்கு ஆச்சரியம் தந்த பகுதி இதுதான். பெண்களை ஒதுக்கிய சட்டங்கள் பலவும் வெறுப்பைக் காட்டி வரவில்லை, அக்கறையைக் காட்டி வந்தன. 1908-ல் முல்லர் வழக்கில், சலவைத் தொழிலில் பெண்கள் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்ற ஆரகன் மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. தொழிலாளர் நலனுக்கு அது ஒரு வெற்றி. ஆனால் அதற்குச் சொன்ன காரணம் பெண்ணின் உடல் பலவீனமும் தாய்மையும். பிற்பாடு அதே காரணம் இரவு வேலைக்குத் தடை, பளு தூக்கும் வேலைக்குத் தடை என்று நீண்டது. கூடுதல் சம்பளம் கிடைக்கும் வேலைகளும் அதோடு போயின.

1948-ல் மிச்சிகன் மாநிலத்தில், மதுக்கடை உரிமையாளரின் மனைவியோ மகளோ அல்லாத பெண் அங்கே மது ஊற்றிக் கொடுக்கும் வேலை செய்யக்கூடாது என்ற சட்டத்தையும் நீதிமன்றம் ஏற்றது. அதே கடையில் மேசைக்கு மேசை மதுவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பணிப்பெண் வேலைக்குத் தடை இல்லை! 1961-ல் ஹாய்ட் வழக்கு. ஃப்ளோரிடாவில் பெண்கள் ஜூரியாக இருக்க வேண்டுமானால் தாமாகவே போய்ப் பெயர் பதிய வேண்டும், ஆண்களுக்கு அந்த வேலை இல்லை. கணவனைக் கொன்றதாகக் குற்றம்சாட்டப்பட்ட ஒரு பெண்ணை முழுவதும் ஆண்களே இருந்த ஜூரி விசாரித்தது. பெண்தான் குடும்பத்தின் மையம், அவளுக்கு இந்தச் சுமை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது.

என் கேள்வியும் அக்கறையில் பிறந்ததுதானே என்று ஆரம்பத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வழக்குகளைப் படித்ததும் அந்தச் சமாதானம் போய்விட்டது.

சேர்க்கப்பட்ட ஒரு சொல்

1963-ல் கென்னடி கையெழுத்திட்ட சம ஊதியச் சட்டம், ஒரே வேலைக்கு ஆணுக்கொரு சம்பளம் பெண்ணுக்கொரு சம்பளம் கூடாது என்றது. ஆனால் பெண்ணை வேலைக்கே எடுக்காவிட்டால் அந்தச் சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது.

1964-ன் குடிமை உரிமைச் சட்டம் முக்கியமாகக் கறுப்பின மக்களுக்கான நீதியை நோக்கி எழுதப்பட்டது. அதன் ஏழாம் தலைப்பு வேலைவாய்ப்பைப் பற்றியது. இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்று முதலில் எழுதியிருந்தார்கள். 1964 பிப்ரவரி 8-ஆம் தேதி வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித் எழுந்து, 'பால்' என்பதையும் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அவர் குடிமை உரிமைச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவர். எனவே மசோதாவைக் கவிழ்க்கச் செய்த தந்திரம் என்று இதைச் சொல்வதுண்டு. ஆனால் அவர் பெண்களின் சம உரிமைத் திருத்தத்தை நெடுங்காலம் ஆதரித்தவரும்கூட. இரண்டு நோக்கமும் கலந்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

அவையில் சிரிப்பு எழுந்தது. மிச்சிகனின் மார்த்தா கிரிஃபித்ஸ் எழுந்து, பெண்கள் இரண்டாந்தரமாக நடத்தப்படுகிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம், இந்தச் சிரிப்பே போதும் என்ற பொருளில் பேசினார். திருத்தம் 168-க்கு 133 என்று நிறைவேறியது. மசோதா செனட்டைக் கடக்கும் நேரத்தில் அந்தச் சொல் விழுந்துவிடாமல் காக்கக் குறிப்பு எழுதி அனுப்பியவர் பாலி மர்ரி என்ற கறுப்பினப் பெண் வழக்கறிஞர். பாலை நீக்கினால் கறுப்பினப் பெண்களுக்குச் சட்டத்தில் பாதிதான் கிடைக்கும் என்பது அவர் வாதம்.

சட்டம் வந்தும் அமலாக்கம் எளிதில் வரவில்லை. சம வேலைவாய்ப்பு ஆணையத்தின் நிர்வாக இயக்குநர் ஒருவரே பால் பற்றிய அந்தப் பகுதியை முறைதவறிப் பிறந்த குழந்தை என்று கேலி செய்தார். ஆனால் முதல் ஆண்டில் வந்த புகார்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பால் பாகுபாடு பற்றியதாக இருந்தது. 'ஆண்கள் தேவை', 'பெண்கள் தேவை' என்று தனித்தனிப் பத்தியாகப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களை ஆணையம் 1968-ல்தான் கூடாது என்றது.

ஐடா ஃபிலிப்ஸ்

1966-ல் ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில் மார்ட்டின் மரியெட்டா நிறுவனத்தின் தொழிற்சாலைக்கு ஐடா ஃபிலிப்ஸ் என்ற பெண் விண்ணப்பித்தார். பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகள் உள்ள பெண்களை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதே வயதுக் குழந்தைகள் உள்ள ஆண்களுக்குத் தடை இல்லை.

நிறுவனத்தின் வாதம் இது. அந்த வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் 75 முதல் 80 சதவீதம் பெண்கள்தான். பிறகு எப்படிப் பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று சொல்ல முடியும்? கீழ் நீதிமன்றங்கள் இதை ஏற்றன. பால் மட்டும் காரணமல்ல, பாலும் சின்னக் குழந்தையும் சேர்ந்ததுதான் காரணம், எனவே சட்டம் பொருந்தாது என்றன.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த வாதத்தின் ஓட்டை உடனே தெரியும். இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து ஒரு முடிவைத் தருகின்றன. ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்றொன்றை மாற்றிப் பார்த்தால், எது முடிவை மாற்றுகிறது என்று தெரிந்துவிடும். சின்னக் குழந்தை இருக்கட்டும், பெண் என்பதை ஆண் என்று மாற்றுங்கள். வேலை கிடைக்கிறது. அப்படியானால் காரணம் பால்தான்.

1971 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் மிகச் சுருக்கமாகச் சொன்னது. பெண்ணுக்கொரு கொள்கை, ஆணுக்கொரு கொள்கை கூடாது. ஏழாம் தலைப்பின் கீழ் பால் பாகுபாடு பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு வந்த முதல் வழக்கு இது. ஆனாலும், குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலையை அதிகம் பாதிக்கிறது என்று நிறுவனம் நிரூபித்தால் ஒருவேளை விலக்கு இருக்கலாம் என்று ஒரு சிறு கதவைத் திறந்தே வைத்தது. நீதிபதி தர்குட் மார்ஷல் அதை ஏற்கவில்லை. பெண்ணின் கடமை என்ன என்ற பழைய எண்ணங்கள் அந்தக் கதவு வழியாகத் திரும்பவும் வந்துவிடும் என்று தனியே எழுதினார்.

ஐடா ஃபிலிப்ஸின் குழந்தைக்கு மூன்று வயது என்று படித்தபோது நான் கொஞ்ச நேரம் திரையை மூடி வைத்துவிட்டேன்.

அரசியல் சட்டத்தின் வழி

அதே 1971-ன் நவம்பரில் பதினான்காவது திருத்தமும் கண் விழித்தது. ஐடஹோ மாநிலத்தில் சாலி ரீட் என்பவரின் மகன் இறந்துபோனான். அவன் விட்டுச்சென்றது ஆயிரம் டாலருக்கும் குறைவு. அதை நிர்வகிக்கத் தாயும், பிரிந்து வாழ்ந்த தந்தையும் விண்ணப்பித்தார்கள். சமத் தகுதி இருந்தால் ஆணுக்கே முன்னுரிமை என்பது மாநிலச் சட்டம். உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளியது. பால் வேறுபாட்டைக் காட்டி ஒரு சட்டத்தைச் சமப் பாதுகாப்பின் கீழ் அது தள்ளியது அதுவே முதல் முறை. வாதவுரையை எழுதியதில் முக்கியப் பங்கு ரூத் பேடர் கின்ஸ்பர்க்குக்கு. அட்டையில் பாலி மர்ரி, டோரதி கென்யன் என்ற இரு மூத்த பெண்களின் பெயரையும் அவர் சேர்த்தார். அவர்கள் அதை எழுதவில்லை. ஆனால் அந்த வாதம் அவர்களுடையது என்பதற்கான நன்றி.

அடுத்து 1973-ல் ஷாரன் ஃப்ரான்டியரோ. விமானப்படை அதிகாரி. ஆண் அதிகாரியின் மனைவிக்குத் தானாகவே கிடைத்த சலுகைகள் இவர் கணவருக்கு வேண்டுமானால், அவர் பாதிக்கு மேல் மனைவியை நம்பி வாழ்கிறார் என்று நிரூபிக்க வேண்டும். 8-க்கு 1 என்று வெற்றி. 1975-ல் ஸ்டீஃபன் வீசன்ஃபெல்டு. ஆசிரியையான மனைவி பிரசவத்தில் இறந்துவிட, குழந்தையைத் தானே வளர்க்க விரும்பினார். ஆனால் சமூகப் பாதுகாப்பு நிதியில் அந்த உதவித்தொகை விதவைத் தாய்க்கு மட்டும்தான். நீதிமன்றம் அதையும் தள்ளியது. ஆண்களுக்காகக் கின்ஸ்பர்க் ஏன் வழக்காடினார் என்று கேட்பவர்கள் உண்டு. சம்பாதிப்பவன் ஆண், வளர்ப்பவள் பெண் என்று சட்டம் எழுதிவைத்தால் அடி இருவருக்கும் விழுகிறது என்று காட்டத்தான்.

1976-ல் க்ரெய்க் வழக்கு ஓர் அளவுகோலைத் தந்தது. பால் வேறுபாடு காட்டும் சட்டம் முக்கியமான அரசு நோக்கத்துக்குக் கணிசமாகத் துணைசெய்ய வேண்டும். 1996-ல், 1839 முதல் ஆண்களை மட்டுமே சேர்த்துவந்த வர்ஜீனியா ராணுவக் கல்லூரியின் கதவைத் திறந்த தீர்ப்பை நீதிபதியாக இருந்து எழுதியவர் அதே கின்ஸ்பர்க்.

கர்ப்பம், தோற்றம், சம்பளம்

கர்ப்பத்தைக் காரணம் காட்டுவது பால் பாகுபாடா? 1976-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. உலகம் கர்ப்பிணிகள், கர்ப்பமில்லாதவர்கள் என்று பிரிகிறது, இரண்டாம் வகையில் பெண்களும் உண்டு என்பது அதன் வாதத்தின் சாரம். 1978-ல் காங்கிரஸ் புதுச் சட்டம் போட்டு அதை மாற்றியது. வேலையிடத்தில் கர்ப்பிணிகளுக்கு நியாயமான வசதிகள் செய்து தர வேண்டும் என்ற தனிச் சட்டம் 2023 ஜூனில்தான் அமலுக்கு வந்தது.

1986-ல் மிஷெல் வின்சன் வழக்கில், பாலியல் தொல்லையால் வேலைச் சூழலே பகையாவதும் பாகுபாடுதான் என்றானது. 1989-ல் ஆன் ஹாப்கின்ஸ். ஒரு பெரிய கணக்கியல் நிறுவனத்தில் பங்குதாரர் பதவிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவரே பெண். நடை, பேச்சு, உடை எல்லாவற்றிலும் இன்னும் பெண்மை வேண்டும், நகையும் ஒப்பனையும் வேண்டும் என்று அவருக்கு ஆலோசனை வந்தது. பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை வைத்து முடிவெடுப்பதும் பாகுபாடே என்றது நீதிமன்றம்.

லில்லி லெட்பெட்டரின் கதை கசப்பானது. அலபாமாவில் குட்இயர் டயர் தொழிற்சாலையில் 1979 முதல் 1998 வரை வேலை பார்த்தவர். பெயரில்லாத ஒரு துண்டுச்சீட்டு மூலம்தான் உண்மை தெரிந்தது. அவர் மாதச் சம்பளம் 3,727 டாலர். அதே வேலையில் மிகக் குறைவாக வாங்கிய ஆணுக்கு 4,286. உச்ச நீதிமன்றம் 2007-ல் 5-க்கு 4 என்று, சம்பளத்தை நிர்ணயித்த 180 நாட்களுக்குள் புகார் தந்திருக்க வேண்டும் என்று வழக்கைத் தள்ளியது. பக்கத்து மேசையின் சம்பளம் தெரியாதவர் எப்படிப் புகார் தருவார்? 2009 ஜனவரியில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், குறைந்த சம்பளம் வரும் ஒவ்வொரு தடவையும் கெடு புதிதாகத் தொடங்கும் என்று திருத்தியது. அந்தச் சட்டத்துக்கு அவர் பெயர். ஆனால் அவருக்குப் பணம் ஏதும் வரவில்லை. 2024-ல் காலமானார்.

2020-ல் போஸ்டாக் வழக்கில், தன்பால் விருப்பம் உள்ளவரையும் பால்மாறியவரையும் அதற்காக வேலையிலிருந்து நீக்குவதும் பால் பாகுபாடே என்று 6-க்கு 3 தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பின் அடிப்படையும் அதே சோதனைதான். பாலை மட்டும் மாற்றிப் பாருங்கள், முடிவு மாறுகிறதா? 2024-ல் மல்ட்ரோ வழக்கு, சம்பளமும் பதவியும் குறையாத இடமாற்றத்திலும் சிறிதளவு பாதிப்பு இருந்தால் வழக்குத் தொடரலாம் என்றது.

நமக்கு

நம்மவர் பலரும், நாம் விசாவில் வந்தவர்கள், இந்தச் சட்டமெல்லாம் குடிமக்களுக்கு என்று நினைக்கிறார்கள். அது தவறு. அமெரிக்காவில் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கும் ஏழாம் தலைப்பின் பாதுகாப்பு உண்டு என்று 1973-லேயே எஸ்பினோசா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதினைந்து பேருக்குக் குறையாத நிறுவனமாக இருக்க வேண்டும். ஆணையத்தில் 180 நாட்களுக்குள், பல மாநிலங்களில் 300 நாட்களுக்குள், புகார் தர வேண்டும். நான் கேட்ட மாதிரிக் கேள்வியைக் கூட்டாட்சிச் சட்டம் நேரடியாகத் தடைசெய்யவில்லை. ஆனால் வேலை மறுக்கப்பட்டால் அந்தக் கேள்வியே சாட்சியாகும்.

இன்னொன்று. 1950-ல் வந்த இந்திய அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பால் என்று பெயர் சொல்லியே பாகுபாட்டைத் தடுக்கிறது. அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஓட்டுரிமைக்கு வெளியே அந்த உறுதி எழுத்தில் இல்லை. 1923-ல் முன்வைக்கப்பட்ட சம உரிமைத் திருத்தத்தைக் காங்கிரஸ் 1972-ல் நிறைவேற்றியது. தேவையான 38-ஆவது மாநிலமாக வர்ஜீனியா 2020-ல் ஒப்புதல் தந்தபோது கெடு என்றோ முடிந்திருந்தது. அது சட்டமாகிவிட்டது என்று பைடன் 2025 ஜனவரியில் அறிவித்தும், அரசு ஆவணக் காப்பாளர் அதை அரசியல் சட்டத்தில் சேர்த்து வெளியிடவில்லை.

ஆனால் எழுத்தில் இருந்தால் போதும் என்றும் நாம் பெருமைப்பட முடியாது. பெண் அதிகாரி மணம் செய்ய அரசின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும் என்ற இந்திய வெளியுறவுப் பணி விதி, 15-ஆம் பிரிவு வந்த பிறகும் பல ஆண்டுகள் இருந்தது. முத்தம்மா வழக்குத் தொடர்ந்து, 1979-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்து எழுதும் நிலை வரவேண்டியிருந்தது.

அந்த நேர்காணலுக்கு வந்த பெண்ணுக்கு எங்கள் நிறுவனம் வேலை தந்தது. அவர் ஏற்கவில்லை, வேறு இடத்துக்குப் போய்விட்டார். காரணம் என் கேள்விதானா என்று கேட்க எனக்கு வழியில்லை, உரிமையும் இல்லை. இப்போது நேர்காணலில் எல்லோரிடமும் ஒரே மாதிரி, "இந்த வேலையில் மாதத்தில் ஒரு வாரம் இரவு அழைப்பு உண்டு, முடியுமா?" என்று மட்டும் கேட்கிறேன். வேலைக்குத் தேவையான விவரம் அதிலேயே கிடைத்துவிடுகிறது. வீட்டில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரிய வேண்டிய விஷயமே இல்லை.

கட்டுரையை எழுதி முடித்து மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். சென்னையில் நல்ல வேலையை விட்டுவிட்டு என்னுடன் வந்தவர். படித்துவிட்டு, "நேர்காணலில் கேட்கக்கூடாதுதான். ஆனா வீட்டுல யாராவது கேட்டிருக்கலாமே, குழந்தையை யார் பார்த்துக்கறதுன்னு. நீங்களே முடிவு பண்ணிட்டீங்க" என்றார். எந்தச் சட்டத்தின் எந்தத் தலைப்பிலும் இதற்குப் பதில் இல்லை. நான்தான் சொல்ல வேண்டும்.